ஒருமையின் இரு முகங்கள்: முதியோரை விளிக்கும் முறை பற்றி

ஒருவரை ஒருவராகச் சுட்டாமல் பலராக்கிச் சுட்டுவது, அதாவது ‘வந்தான்’ என்னாமல் ‘வந்தார்’ என்பதும் ‘நீ’ என்னாமல் ‘நீங்கள்’ என்பதும், மரியாதைப் பன்மை எனப்படும். முதியோரிடம் இவ்வாறு பேசவேண்டும் என்பது இலக்கணத்தின் கட்டளை என்றே இன்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் தொல்காப்பியர், சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், இதனை வழக்கினால் அமைந்த உயர்சொல் என்று ஏற்றுக்கொண்டு, இலக்கண நெறிப்படி இது அமையாது என்பதையும் உடன் சொல்லிவிடுகிறார். இலக்கணத்தின் கணக்கில் ஒருவர் ஒருவரே. அவரைப் பலர்பாலில் வைப்பது பேசுவோர் தாமாக அளிக்கும் ஒன்று. அளிப்பது என்று ஆனவுடன், அது யாருக்கு அளிக்கப்படுகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்ற கேள்வி இலக்கணத்தைக் கடந்து அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நன்னூல் இக்கேள்விக்கு இன்னும் அருகில் வருகிறது. பிழையேயாயினும் தக்க காரணம் பற்றி ஏற்கப்படுவதை வழுவமைதி என்பர். திணையும் பாலும் மயங்குவதற்கு உவப்பு, உயர்வு, சிறப்பு ஆகியவற்றோடு செறல் எனும் சினத்தையும் இழிப்பையும் காரணமாக அடுக்குகிறார் அதன் ஆசிரியர் பவணந்தி முனிவர். வீடு திரும்பும் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று உயர்திணைக்கு ஏற்றுவது உவப்பு. அதே வாயில் வழியாகத்தான், உழைத்து ஓய்ந்த மனிதரை ‘பெருசு’, ‘கிழடு’ என்றும், ‘அது இன்னும் கிடக்கிறது’ என்றும் அஃறிணைக்கு இறக்கும் இழிப்பும் நுழைகிறது. பசுவுக்குக் கிடைத்த திணை பாட்டனாருக்குக் கிடைக்காத வீடுகள் உண்டு என்பது வருந்தத்தக்க உண்மை.

எனினும் ஒருமை எங்கும் அவமதிப்பாகிவிடுவதில்லை. புதுக்கோட்டைச் சீமையில் தந்தையின் தாயை ‘அப்பத்தா’ என்று அழைக்கும் பேரப்பிள்ளைகள், ‘அப்பத்தா, நீ சாப்பிட்டியா?’ என்று ஒருமையில் கேட்பதே பெருவழக்கு. அதில் மரியாதைக் குறைவு இருப்பதாக எந்த அப்பத்தாவும் கருதுவதில்லை. இம்மாவட்டத்தின் ஆவுடையார்கோயில், சமய உலகில் திருப்பெருந்துறை என்று வழங்குவது, இதனை இன்னும் ஆழமாக உணர்த்துகிறது. குருந்த மரத்தடியில் குருவாக எழுந்தருளிய சிவபெருமான் மாணிக்கவாசகரை ஆட்கொண்டதாகச் சைவ மரபு போற்றும் தலம் அது. கருவறையில் இலிங்கத்தின் பாணம் இல்லை, ஆவுடையார் எனும் பீடம் மட்டுமே உண்டு; நந்தியோ கொடிமரமோ இல்லை; வடித்த புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியே நிவேதனமாகிறது. உருவம் கடந்த அப்பரம்பொருளைத் திருவாசகம் ‘நீ’ என்றே விளிக்கிறது, ‘நீங்கள்’ என்று அன்று. எல்லோரினும் மூத்தவனாகிய இறைவனுக்கே ஒருமை பொருந்துமெனில், மரியாதை விகுதியில் மட்டும் குடியிருப்பதாகச் சொல்ல இயலாது.

அவ்வாறாயின் அன்பின் ஒருமையையும் இழிப்பின் ஒருமையையும் பிரித்தறிவது எவ்வாறு? ‘நீ’ என்று அழைக்கப்பட்டவர் அழைத்தவரைத் திரும்ப அவ்வாறே அழைக்க முடியுமா என்பதே அதற்கான உரைகல். அப்பத்தாவும் பேரனும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றே அழைத்துக்கொள்கின்றனர். ஆனால் தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில், நிலவுடைமைச் சாதியைச் சேர்ந்த சிறுவர்கள் எழுபது வயதைக் கடந்த தலித் முதியவரைப் பெயர் சொல்லியும் ‘வா’, ‘போ’ என்றும் அழைத்துவந்திருக்கின்றனர். அம்முதியவரோ அச்சிறுவர்களுக்குப் பன்மையில் மறுமொழி சொல்லவேண்டியிருந்தது. வயதுக்கு மரியாதை தருவது தமிழ்ப் பண்பு என்ற பெருமிதம் இவ்விடத்தில் தலைகுனிந்தாக வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களுக்கான குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டதை அடுத்து அங்குச் சென்ற அதிகாரிகள், அப்பகுதித் தேநீர்க் கடையில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறையும் அய்யனார் கோயிலில் நுழைவு மறுப்பும் நிலவியதைக் கண்டனர். ஒரே வயதினரான இருவருள் ஒருவருக்கு ‘வாங்க’ என்றும் மற்றவருக்கு ‘வா’ என்றும் சொல் எடுத்துவைப்பது நாவில் வைத்திருக்கும் இரட்டைக் குவளையேயன்றி வேறில்லை. உதவித்தொகை கேட்டு அலுவலக வாசலில் நிற்கும் மூதாட்டியிடம், அவர் உடுத்தியிருக்கும் சேலையைப் பார்த்த பின் விகுதியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் இதன் கிளையே.

சைவ மரபு இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைத் தன் நடுவிலேயே வைத்துப் போற்றிவருகிறது. சீர்காழியில் அந்தணர் குலத்துச் சிறுவராகிய திருஞானசம்பந்தரைக் காண, வேளாளர் குலத்து முதியவராகிய திருநாவுக்கரசர் வந்து அடிபணிந்தபோது, அவர் கைகளைப் பற்றித் தாமும் வணங்கிய அச்சிறுவர் அவரை ‘அப்பரே’ என்று அழைத்ததாகவும், முதியவர் ‘அடியேன்’ என்று மறுமொழி தந்ததாகவும் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். ‘அப்பர்’ என்பது தந்தையைக் குறிக்கும் உறவுப்பெயர். குலப் படிநிலையைப் பாராமல் வயதையும் அடியார் தன்மையையும் மட்டுமே பார்த்த ஒரு நா அதனைச் சொன்னது. இரு பக்கமும் பணிவு இருந்தமையால் அங்கே ஒருவரும் தாழவில்லை. அம்முதியவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மருள்நீக்கியார். இன்று அப்பெயரைச் சொல்பவர் அரிது. ஒரு சிறுவர் மரியாதையோடு அழைத்த பெயரையே சிவன் கோயில்களில் சைவ சமயக் குரவர் நால்வரின் திருமேனிகளின்முன் நிற்போர் இன்றளவும் சொல்லி வணங்குகின்றனர்.