வெந்நீரும் பலாபேக்ஷையும்

நற்செயலுக்கு அரசாங்கமே கூலி கொடுக்குமானால், அதைப் பெற்றுக்கொண்டவனுக்கு அச்செயலால் விளையும் புண்ணியம் குறையுமா என்னும் சந்தேகம், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வருமானவரிச் சட்டத்தைப் படிக்கையிலும் எழுகிறது. 2022-இல் அங்கே நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின்படி, தாம் குடியிருக்கும் வீட்டில் 2023 முதல் 2025 முடிய, உரிய தரமுள்ள ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரைப் பொருத்திக்கொண்டவர், விலையும் கூலியும் சேர்ந்த செலவில் நூற்றுக்கு 30 பங்கை, ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேற்படாமல், 5695-ஆம் எண் படிவத்தின் வாயிலாகத் தமது வரியிலேயே கழித்துக்கொள்ள முடிந்தது. அக்கருவி வெப்பத்தைப் புதிதாக உண்டாக்காமல், சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தையே இழுத்துத் தொட்டி நீரில் சேர்ப்பதால், கம்பிச்சுருளைச் சூடேற்றும் பழைய ஹீட்டருக்கு வேண்டிய மின்சாரத்தில் பாதியோ அதற்கும் குறைவோ அதற்குப் போதும்.

லாபத்தைக் கருதி மட்டும் நேர்மையாயிருக்கும் கடைக்காரனுடைய செயலில் அறத்தின் மதிப்பு இல்லையென்று தத்துவ அறிஞர் காண்ட் 1785-இல் வெளிவந்த தம் நூலில் வாதித்தார். கீதையோ, என் அபிப்பிராயத்தில், இவ்விஷயத்தில் இன்னும் கனிவுடையது. பலன் வந்து சேர்வதை அது விலக்கவில்லை, பலனிலேயே கட்டுண்ட மனத்தைத்தான் கண்டிக்கிறது. ஆகையால் படிவத்தை நிரப்பி உரிமைப் பணத்தைப் பெற்றவரின் சித்தசுத்தியை ஐயுறுவதற்கு நமக்கு அதிகாரமில்லை.

என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. அக்கழிவு, கட்டவேண்டிய வரியைத் தாண்டக்கூடாதென்று விதி இருந்தது. எஞ்சியதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் இயலவில்லை. எனவே, வரியே விதிக்கப்படாத அளவுக்குச் சொற்ப வருமானமுள்ள ஒரு விதவை, கடன்பட்டு அதே கருவியை வாங்கி, அதே அளவு மின்சாரத்தை மிச்சப்படுத்தினாலும், அவளுக்கு ஒரு சென்ட்டும் கிடைத்திராது. உழைத்துச் சம்பாதிக்கும் ஏழைகளுக்கு, வரிக்கு மேற்பட்ட தொகையையும் 1975 முதல் கையிலேயே கொடுத்துவரும் அரசாங்கத்திற்கு, இதற்கு வழி தெரியாதென்று சொல்ல முடியாது. குறைந்த வருமானமுள்ள இல்லங்களுக்கு மாநிலங்கள் மூலமாகத் தள்ளுபடி தரும் ஏற்பாடும் அச்சட்டத்தில் இருந்தது மெய்யே. ஆயினும் அது மாநிலத்தின் விருப்பத்தைப் பொறுத்தது, வரிக்கழிவோ நாடெங்கும் உரிமையாக நின்றது. பெறுபவனின் நோக்கத்தை இத்தனை நுட்பமாக ஆராயும் நாம், கொடையின் வாயிலில் நிறுத்தப்பட்டவளைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறோம்.

2025 ஜூலையில் கையெழுத்தான மற்றொரு சட்டம் அவ்வாண்டின் இறுதியோடு இக்கழிவை முடித்துவிட்டது. மீண்டும் அது எழுதப்படுமாயின், வரிக்கு மேற்பட்ட மிச்சத்தை அந்த விதவையின் கையில் கொடுக்கும் விதியையே முதலில் எழுதவேண்டும்.