தேய்ந்ததும் காய்ந்ததும்

மார்கழி பிறந்து நான்கைந்து நாள் ஆகியிருக்கும். பென்னாகரத்திலிருந்து நான் பாடம் நடத்தும் பள்ளி ஆறு கிலோமீட்டர். சைக்கிளில்தான் போகிறேன். தருமபுரி மாவட்டத்துச் சாலைகளில் சமதரை என்பது இரண்டு மேடுகளுக்கு நடுவே கிடைக்கும் இளைப்பாறல். ஐம்பத்தாறு வயதில் கியர் இல்லாமல் என்னால் ஓட்ட முடியாது. அன்று காலை முதல் மேடு வந்ததும் கட்டைவிரலால் லீவரைத் தள்ளினேன். வழக்கமான ‘டிக்’ வரவில்லை. காற்றைத் தள்ளுவது போல லீவர் போய்ப் போய்த் திரும்பியது. செயின் இருந்த பல்சக்கரத்திலேயே இருந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன்.

பெங்களூரில் வேலை பார்த்த அக்கா மகன் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போன வண்டி அது. பதினோரு வருடம் ஆகிறது. அவனிடம் சொன்னேன். அவன் பெங்களூரில் தனக்குத் தெரிந்த ஒரு கடைக்குப் போனில் பேசினான். பதில் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது: ஷிஃப்டர், அதாவது அந்த லீவர்ப் பெட்டி, தேய்ந்துவிட்டது, முழுதாக மாற்ற வேண்டும், 1,400 ரூபாய். நானும் உடனே சரி என்றேன். வண்டியைப் பார்க்காமலே ஒருவர் சொன்னதை, அதைத் தினமும் ஓட்டுகிற நான் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஏற்றுக்கொண்டேன். அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

புதிய ஷிஃப்டர் வருவதற்குள் டயர் பஞ்சர் ஆனது. எங்கள் ஊர் சைக்கிள் கடைக்குப் போனேன். தகரக் கூரை, அலுமினியத் தட்டில் தண்ணீர், சுவரில் ஆணியடித்து மாட்டிய பழைய டியூப்கள். அந்த அண்ணாவின் கைக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் எங்கள் பிள்ளைகளின் விலையில்லா சைக்கிள்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு படிக்கும் எல்லோருக்கும் கிடைக்கிற வண்டி. அவற்றில் கியர் கிடையாது. “கியர் வண்டி எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லைங்க சார்” என்று சொல்லிக்கொண்டேதான் லீவரை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“காலையில பிடிக்காம மத்தியானத்துல பிடிக்குதுங்களா?”

யோசித்தேன். ஆமாம். பள்ளி விட்டு வெயிலில் திரும்பும்போது இரண்டு மூன்று முறை ‘டிக்’ கேட்டிருக்கிறது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

“அப்படீன்னா தேயலைங்க சார். தேஞ்ச பல்லு வெயிலடிச்சா முளைக்குமா? உள்ள எண்ணெ காஞ்சுருக்கு. குளுருல இறுகுது, வெயில்ல இளகுது.”

லீவரின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு சிறிய பல்சக்கரம். அதன் பல்லில் போய் மாட்டுவதற்கு இரண்டு நாக்குகள், அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரியவை. நாக்கைப் பல்லின் மேல் அழுத்தி வைக்க முடி போல ஒரு ஸ்ப்ரிங். இவ்வளவுதான். தொழிற்சாலையில் தடவிய கிரீஸ் இந்தப் பதினோரு வருடத்தில் புளிப்பிசினாக இறுகிவிட்டது. நாக்கு அதில் ஒட்டிக்கொண்டு, பல்லைத் தேடிப் போகாமல் சோர்ந்து கிடந்தது. பல் ஒவ்வொன்றும் கூர்மையாகவே இருந்தது. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்துப் பீய்ச்சினார். பழுப்பாக வழிந்தது. லீவரை அசைத்துக்கொண்டே மறுபடி பீய்ச்சினார். அரை மணிநேரம் இதையே செய்தார். எங்கேயோ நாற்பதாவதோ ஐம்பதாவதோ தள்ளலில் முதல் ‘டிக்’ விழுந்தது. பிறகு துடைத்து, காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் நான்கு சொட்டு விட்டார். கெட்டி கிரீஸ் வைக்கவில்லை. வைத்தால் மறுபடியும் இதே கதை என்றார். கேபிளை உருவிப் பார்த்தார். முனைக்குண்டுக்குப் பக்கத்தில் நாலைந்து இழை அறுந்திருந்தது. “இது நெசமாவே முடிஞ்சு போச்சுங்க” என்று அதை மட்டும் புதிதாக மாற்றினார்.

இவ்வளவு சின்ன நாக்கு ஒட்டிக்கொண்டதற்கு ஏன் வண்டியே நின்றுபோகிறது என்று பிறகு படித்துப் பார்த்தேன். பழைய காலத்துக் கியர் லீவரில் படிகளே கிடையாது. ஒரு திருகும் வாஷர்களும் உராய்ந்து லீவரை நிறுத்தி வைக்கும். ஓட்டுகிறவர் செயின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் தானே சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். லீவர் தளர்ந்தால் திருகை இறுக்கினால் தீர்ந்தது. 1984இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் டூரா-ஏஸ் என்ற பந்தய வண்டிப் பாகங்களில், ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு படி என்று சொடுக்கி நிற்கும் முறையைக் கொண்டுவந்தது. பின்னால் ஏழு பல்சக்கரம் உள்ள என் வண்டியில், ஒரு ‘டிக்’குக்குக் கேபிள் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இழுபடும்; செயின் 5 மில்லிமீட்டர் நகர்ந்து அடுத்த பல்சக்கரத்துக்குப் போகும். காது கேட்டுச் செய்த வேலையை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்துவிட்டார்கள். எனக்கு அதில் குறை இல்லை. அந்தப் பெட்டியால்தான் மூட்டு வலியோடு நான் மேடேறுகிறேன். ஆனால் பெட்டி மூடியானதும், உள்ளே நடப்பது நம் வேலை இல்லை என்று நாமே ஒதுங்கிக்கொண்டோம்.

எங்கள் பக்கம் ‘ஓவராயில்’ என்று ஒரு சொல் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை வண்டியைப் பிரித்து, கோன், குண்டு எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி, எண்ணெய் விட்டுப் பூட்டுவது. ஓவர்ஹால் என்ற ஆங்கிலச் சொல்தான் அப்படி மருவியது. படித்தவர்கள் அதைத் திருத்துவார்கள். நானும் வகுப்பில் திருத்தியிருக்கிறேன். இப்போது திருத்த மனம் வரவில்லை. பிரித்துப் பார்ப்பதன் பாதிப் பொருள் எண்ணெயில்தான் இருக்கிறது என்று கேட்ட காதுகள் கண்டுபிடித்திருக்கின்றன.

காது என்றதும் அம்மா நினைவு வருகிறது. அதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. போன வருடம் காது மந்தமானது. நான்கு மாதம் வீட்டில் எல்லோரும் கத்திப் பேசினோம். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டோம். “வயசாயிடுச்சு, வேறென்ன” என்பது என் சொல்தான். வேறு யாரும் சொல்லவில்லை. காது மெஷின் வாங்க முடிவுசெய்து, அளவெடுக்கத்தான் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அந்தப் பெண் மருத்துவர் அம்மாவின் பக்கம் குனிந்து கேட்டார்: “பாட்டி, தலைக்குக் குளிச்சா இன்னும் மந்தமாகுதா?” அம்மா தலையாட்டினார். இரண்டு காதிலும் குறும்பி கல்லாக அடைத்திருந்தது. அது தண்ணீரில் ஊறினால் உப்பி இன்னும் அடைத்துக்கொள்ளுமாம். பஞ்சுக்குச்சியால் சுத்தம் செய்கிறேன் என்று நாங்களே அதை உள்ளே தள்ளியிருக்கிறோம். ஐந்து நாள் சொட்டு மருந்து விட்டு ஊறவைத்து, ஆறாம் நாள் கழுவி எடுத்தார்கள்.

அம்மா முழுதாகக் கேட்கத் தொடங்கிவிட்டார் என்று எழுதினால் பொய். வலது காதில் நரம்புத் தளர்ச்சியும் இருக்கிறது. அது வயதால் வந்தது, அதற்கு மெஷின்தான். ஆனால் இடது காது திரும்பியது. அந்த நான்கு மாதம் அம்மா எங்கள் பேச்சின் விளிம்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். அதை எந்த மருந்தாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

சைக்கிள் கடை அண்ணாவும் அந்த மருத்துவரும் செய்தது ஒரே வேலை. தேய்ந்ததா, காய்ந்ததா என்று பிரித்துக் காட்டும் ஒரு கேள்வியைக் கேட்டார்கள். தேய்ந்தது திரும்பாது, மாற்றத்தான் வேண்டும், அந்தக் கேபிளைப் போல. காய்ந்தது திரும்பும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் நமக்கு வேலை இல்லை. அந்தச் சௌகரியத்துக்காகவே நாம் அதை அவசரமாகச் சொல்கிறோம் என்று நினைக்கிறேன். பொருள்களைப் பற்றி மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ‘இவனுக்கு ஏறாது’ என்று நானே முடிவுகட்டிய பிள்ளைகளின் முகங்கள் எனக்குத் தெரியும். அவர்களில் யாரிடமாவது, காலையில் ஏறாதது மத்தியானம் ஏறுகிறதா என்று கேட்டிருக்கிறேனா? கேட்டதில்லை.

இனி அந்தச் சைக்கிள் கடை அண்ணாவின் கூலி. ஒன்றரை மணிநேரம் பலகையில் குந்தி வேலை செய்தவர், கேபிளுக்கு எண்பது, கைக்கூலி நாற்பது, ஆக நூற்றிருபது என்றார். நான் இருநூறு கொடுத்தேன். எண்பதைத் திருப்பிக் கொடுத்தார். எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. 1,400 ரூபாயை ஐந்து நிமிடத்தில் ஒப்புக்கொண்ட அதே ஆள் நான். அந்த விலையில் தொழிற்சாலை, சரக்குக் கப்பல், கடை வாடகை, வரி எல்லாம் அடக்கம். இவருடைய நாற்பதில் இவருடைய ஒன்றரை மணிநேரம்கூட அடங்கவில்லை. உதிரிபாகமும் விவரமும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்கிற பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், மோட்டார் வாகனம் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். மிக நல்ல காரியம். ஆனால் அவை கிடைக்கும்போது உட்கார்ந்து திறக்க ஆள் வேண்டுமே. பாகத்துக்கு ஆயிரமும் பொறுமைக்கு நாற்பதும் கொடுத்துக்கொண்டிருந்தால், அந்தப் பலகையில் அடுத்து யார் வந்து உட்காருவார்கள்? எங்கள் மாவட்டத்துப் பையன்கள் வேலை தேடி ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுவதை ஒவ்வொரு மே மாதமும் பார்க்கிறேன். அவர்களிடம் இந்தக் கைவேலையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வருவதில்லை.

இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். எங்கள் பள்ளி ஆசிரியர்கள் ஏழு பேர், அந்த அண்ணாவிடம் வேலை கொடுத்தால் பாகத்துக்கு இல்லாமல் மணிக்கு இவ்வளவு என்று கொடுப்பதாகப் பேசிக்கொண்டோம். அவர் இன்னும் முழு மனதாக ஒத்துக்கொள்ளவில்லை. “நேரத்துக்குக் காசு வாங்கினா மெதுவாச் செய்யறேன்னு நெனைப்பாங்க சார்” என்கிறார். பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் இடது கைப்பக்கத்து லீவரையும் கழுவிவிடலாம் என்று வண்டியைக் கொண்டுபோனேன். ஆட்டிப் பார்த்தார்.

“இது நல்லா பிடிக்குதுங்களே. அப்புறம் எதுக்குங்க திறக்கணும்? மழைக்கு முன்னாடி ரெண்டு சொட்டு விடுங்க, போதும்.”

கையில் ஒரு சின்னக் குப்பியில் தையல் மெஷின் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் ஆடி பதினெட்டைப் பேனாவால் சுழித்து வைத்தேன். அம்மாவின் சொட்டு மருந்துக்கும் அதே தேதி.