தட்டின் மறுபக்கம்

என்ரிக்கோ கரூஸோ 1907-ல் பாடிய ஒரு பாட்டு இருக்கிறது. இன்டர்நெட்டில் தேடினால் கிடைக்கும். நாலு நிமிஷம்கூட ஆகாது. இத்தாலிய மொழி தெரிய வேண்டாம். ஆப்பரா என்றால் என்னவென்றும் தெரிய வேண்டாம். ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை, நானே சொல்கிறேன்.

முதலில் எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி இரைச்சல். ரெக்கார்டிங்குக்கு மைக் வந்ததே 1925-ல்தான். அதற்கு முன்னால், புனல் மாதிரி ஒரு பெரிய கொம்புக்கு எதிரே நின்று பாட வேண்டும். குரலின் அதிர்வே ஊசியை ஆட்டி மெழுகுத் தட்டில் கோடு போடும். பின்னால் வாத்தியக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை இடைஞ்சலையும் மீறிக்கொண்டு அந்தக் குரல் வருகிறது பாருங்கள், நூறு வருஷம் தாண்டியும் நெஞ்சைப் பிடித்து உலுக்குகிறது.

பாடுகிறவன் பெயர் கானியோ. லியோன்கவால்லோ எழுதி 1892-ல் மிலான் நகரில் அரங்கேறிய 'பாலியாச்சி' ஆப்பராவின் நாயகன். ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியின் முதலாளி. மேடையில் கோமாளி. மனைவி நெட்டாவுக்கு வேறொருவனோடு தொடர்பு என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால், நாடகம் பார்க்க ஊரே திரண்டு வரப்போகிறது. முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு, உடைந்த மனசோடு ஊரைச் சிரிக்க வைக்கப் போகிறான்.

யாருக்குத்தான் அழுகை வராது?

பிறத்தியார் துக்கத்தைக் கேட்டு அழுவதில் நமக்கு என்ன சுகம் என்பது ரொம்பப் பழைய கேள்வி. 1600 வருஷங்களுக்கு முன் புனித அகஸ்டின் தன் வாழ்க்கை வரலாற்றில் இதைக் கேட்டிருக்கிறார். எழுந்துபோய் உதவச் சொல்லாமல், உட்கார்ந்து அழ மட்டும் சொல்கிற இரக்கம் என்ன இரக்கம் என்பது அவர் சந்தேகம். அவருக்கும் முன்னால் அரிஸ்டாட்டில், துன்பியல் நாடகம் இரக்கத்தையும் பயத்தையும் கிளறிவிட்டுத் தெளிய வைக்கிறது என்றார். இரண்டு பேரும் பெரியவர்கள். எனக்கு உறுத்துவது அதைவிடச் சின்னக் கேள்வி. நாம் யாருக்காக அழுகிறோம்?

பாட்டு முடிந்த பிறகு நடப்பதைக் கேளுங்கள். நாடகம் தொடங்குகிறது. கானியோ மேடையிலேயே வசனத்தை விட்டுவிட்டு, "அவன் பேரைச் சொல்" என்று நெட்டாவை மிரட்டுகிறான். ஜனங்கள், 'ஆஹா, என்ன நடிப்பு!' என்று ரசிக்கிறார்கள். அவள் சொல்ல மறுக்கிறாள். கத்தியால் குத்திக் கொல்கிறான். காப்பாற்ற ஓடிவரும் காதலன் சில்வியோவையும் கொல்கிறான்.

ஆக, அரை மணி நேரத்தில் கொலை செய்யப்போகிறவனுக்காகத்தான் நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

நெட்டா யார்? தெருவில் பசியோடு கிடந்த அநாதைக் குழந்தை. எடுத்து வளர்த்தவன் கானியோ. இதை அவனே சொல்லிக் காட்டுகிறான். வளர்த்தவன், முதலாளி, புருஷன் மூன்றும் ஒரே ஆள் என்றால் அவள் எங்கே போவாள்? முதல் அங்கத்தில் வானத்தில் போகும் பறவைகளைப் பார்த்து ஒரு பாட்டுப் பாடுகிறாள். அதையும் பலர் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால், உலகம் முணுமுணுப்பது என்னவோ கானியோவின் பாட்டைத்தான்.

கரூஸோவின் தட்டை வெளியிட்ட விக்டர் கம்பெனி, 1923 வரை தன் உயர்ரகத் தட்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் பாட்டு வைத்தது. திருப்பினால் மறுபக்கம் வெறுமை. கானியோவின் அழுகை முடிந்ததும் ஊசியை எடுத்துவிட வேண்டியதுதான். கத்தி வருகிற இடம் அந்தத் தட்டில் கிடையாது.

இசைத்தட்டுக்கு இடம் போதவில்லை, சரி. சட்டத்துக்கு என்ன வந்தது? இத்தாலியின் 1930-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில் 587 என்று ஒரு பிரிவு இருந்தது. வாழ்க்கைத்துணையோ மகளோ சகோதரியோ தகாத உறவில் இருப்பது தெரியவந்த ஆவேசத்தில், குடும்ப மானத்துக்காகக் கொன்றால் 3 முதல் 7 வருஷம்தான் ஜெயில். சாதாரணக் கொலைக்குக் குறைந்தது 21 வருஷம். அந்தப் பிரிவை 1981-ல்தான் ஒழித்தார்கள். 'பாலியாச்சி' அரங்கேறி 89 வருஷம் கழித்து! சட்டமும் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு ஊசியை எடுத்திருக்கிறது.

"அப்போ கானியோவின் வலி பொய்யா சார்?" என்று கேட்பீர்கள். இல்லை, நிஜம்தான். அவனுக்காக அழுதது தப்பும் இல்லை. கொலைகாரனுக்கும் மனசு வலிக்கும் என்று புரியவைப்பது கலை செய்கிற பெரிய காரியம். ஆனால், ஒருத்தனைப் புரிந்துகொள்வது வேறு, விடுதலை செய்வது வேறு. குரல் நன்றாக இருந்துவிட்டால் நாம் முன்னதிலிருந்து பின்னதுக்கு வழுக்கிக்கொண்டு போய்விடுகிறோம். யாருக்கு நன்றாகப் பாட வருகிறதோ அவன் பக்கமே நியாயமும் இருப்பதாகத் தோன்றிவிடுகிறது.

முழு ஆப்பராவும் ஒண்ணேகால் மணி நேரம்தான். நேரம் கிடைத்தால் கேளுங்கள். நெட்டாவின் பறவைப் பாட்டு வரும்போது மட்டும் போனைத் தள்ளி வையுங்கள்.

அதற்கும் நேரமில்லையா? 'ஆத்திரத்தில் மனைவியை வெட்டிய கணவன்' என்று பேப்பரில் வரும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அவனுக்கு ஏன் ஆத்திரம் வந்தது என்பதற்கு எத்தனை வரி, அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதற்கு எத்தனை வரி... எண்ணிப் பாருங்கள்.