சூரியனும் அனுமானமும்

பிரத்யக்ஷமொன்றே பிரமாணம் என்று சாதித்த சார்வாகருக்குச் சூரியனின் காந்தப்புலத்தை எவ்விதம் நிரூபிப்பது? 1908-இல் கலிபோர்னியாவின் வில்சன் மலையில் ஜார்ஜ் எல்லரி ஹேல், கரும்புள்ளியொன்றின் ஒளியை நிறமாலையாக விரித்து, இரட்டையாகப் பிளந்து நின்ற கோட்டுக்கெதிரே நிகோல் பட்டகத்தைத் திருப்பியபோது, ஒரு கூறு மங்க மற்றது துலங்கிற்று; வலஞ்சுழியும் இடஞ்சுழியுமாக ஒளி இவ்வாறு பிரிவது காந்தப்புலத்தினால் என்பதை, லைடன் நகரில் ஸேமன் 1896-இலேயே சோடியச் சுடரை வைத்துக் கண்டிருந்தார். புகையால் தீயை அனுமானிப்பவனுக்கு அடுக்களையிற் கண்ட வியாப்தி ஆதாரமாவதுபோல ஹேலுக்கு அச்சுடரே ஆதாரமாயிற்று. இதனை ஐயுறுவது வீண் பிடிவாதமென்றே கருதுகிறேன். ஆயினும், பொருளின் இருப்பை நிச்சயிக்கும் அனுமானம் அதன் ஸ்வரூபத்தை முற்றும் தருவதில்லை: பார்வைக்குக் குறுக்கே கிடக்கும் புலம் இப்பக்கம் நோக்கினும் நேர் எதிர்ப்பக்கம் நோக்கினும், அங்கிருந்து வரும் ஒளியின் தளவிளைவு ஒன்றாகவே இருக்கிறது.