பெருந்தரவும் நீதியும்: ஓர் அறவியல் நோக்கு

மனிதன் எண்ணக் கற்றுக்கொண்ட காலந்தொட்டே எண்ணப்பட்டும் வந்திருக்கிறான். இறை வாங்கவும் படை திரட்டவும் குடிகளைக் கணக்கெடுத்த அரசுகளின் வரலாறு நெடியது. ஆயினும், அக்கணக்கெடுப்புக்கும் இன்றையதற்கும் இடையே அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. பழைய அரசு ஒரு வினாவை முன்வைத்து, அதற்கு விடை காணும் பொருட்டே எண்ணியது. இன்றோ வினா எழுமுன்னரே தரவுகள் குவிந்துவிடுகின்றன. செய்மதிகள் எடுக்கும் படங்கள், எந்திரங்களிற் பொருத்தப்பட்ட உணரிகளின் பதிவுகள், மருத்துவமனைகளின் கட்டணப் பட்டியல்கள், கைத்தொலைபேசிகள் விட்டுச்செல்லும் சுவடுகள் ஆகியன எவரும் கேளாமலே நாள்தோறும் திரள்கின்றன. மனிதர் அமர்ந்து வாசித்து முடிக்க இயலாததாய், கணனியால் மட்டுமே துருவி ஆராயத்தக்கதாய் உள்ள இத்திரளையே பெருந்தரவு என்பர்.

கைத்தொழில், வணிகம், மருத்துவம், கமத்தொழில், சுற்றாடலியல் ஆகிய துறைகள் அனைத்திலும் பெருந்தரவு இன்று கையாளப்படுகின்றது. அதனால் விளைந்த நன்மைகள் பல. அவற்றைப் பட்டியலிடுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. பெருந்தரவிலிருந்து பெறப்படும் அறிவு எத்தகையது, அவ்வறிவை மட்டும் ஆதாரமாகக் கொண்டு ஒரு மனிதனைக் குறித்துத் தீர்ப்பு வழங்குதல் முறையாகுமா என்னும் இரு வினாக்களையே இது ஆராய முற்படுகின்றது. முதலாவது அளவையியல் சார்ந்தது. இரண்டாவது அறவியல் சார்ந்தது. முதலாவதற்கு விடை காணாமல் இரண்டாவதை அணுகுதல் இயலாது.

2008ஆம் ஆண்டிலே கிறிஸ் அன்டர்சன் என்னும் அமெரிக்கச் சஞ்சிகை ஆசிரியர், தரவுகள் போதிய அளவு திரண்டுவிட்டால் விஞ்ஞானக் கொள்கைகள் தேவைப்படா எனவும், எது எதனோடு இயைந்து நிகழ்கின்றது என அறிந்தாற் போதும், ஏன் நிகழ்கின்றது என ஆராய வேண்டுவதில்லை எனவும் வாதிட்டார். இக்கூற்றுப் புதுமையானது போலத் தோன்றினும், அது எழுப்பும் சிக்கல் மிகப் பழையது. அனுமானத்தின் இயல்பை ஆராய்ந்த தருக்க நூலார் இதனை என்றோ எதிர்கொண்டனர். மலையிற் புகையைக் கண்டவன் அங்கே நெருப்புண்டு எனத் துணிகிறான். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்னும் வியாத்தியே அத்துணிவுக்கு ஆதாரம். இதனைத் தலைகீழாக்கி, நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு எனக் கொள்வது பிழையாகும். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்பிலிருந்து புகை தோன்றுவதற்கு ஈரவிறகின் சேர்க்கை வேண்டும். இவ்வாறு மறைந்து நின்று இரண்டினையும் இணைக்கும் நிபந்தனையை உபாதி என்றனர். சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்கசங்கிரகத்தின் வழியாக இவ்வளவை நெறி தமிழ்க் கல்வி மரபிலும் இடம்பெற்றது. அடுக்களையில் மட்டுமே நெருப்பைக் கண்டு பழகியவனுக்கு ஆயிரம் முறையும் புகை கூடவே தென்பட்டிருக்கும். அவன் கண்ட ஆயிரமும் உண்மையே. அவற்றிலிருந்து அவன் பெற்ற முடிபே பிழையானது. காட்சிகளின் எண்ணிக்கையை ஆயிரத்திலிருந்து பத்துக் கோடியாகப் பெருக்கினாலும், அவை யாவும் அடுக்களைக் காட்சிகளாகவே இருக்குமாயின், பிழை நீங்காது.

கூகிள் நிறுவனத்தின் காய்ச்சற் கணிப்பு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். மக்கள் தேடற்பொறியிற் பதியும் சொற்களைக் கொண்டு, ஐக்கிய அமெரிக்காவில் இன்புளுவென்சாக் காய்ச்சல் பரவும் அளவை உடனுக்குடன் மதிப்பிடலாம் எனக் கருதி அந்நிறுவனம் 2008இல் ஒரு முறையை வகுத்தது. அதுபற்றிய ஆய்வு 2009இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. மருத்துவர்களின் அறிக்கைகள் வந்து சேர ஒரு வாரத்துக்கும் மேலாக, இம்முறை ஒரு நாளிலேயே மதிப்பீட்டைத் தந்தது. ஆனால், 2012-2013 குளிர்காலத்தில் அது கணித்த அளவு, அரசாங்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தின் கணக்கைப் போல் இருமடங்குக்கும் மேலாயிற்று. காய்ச்சலோடு இயைந்து காணப்பட்ட தேடற்சொற்களுள் பாடசாலைக் கூடைப்பந்தாட்டம் பற்றியனவும் இருந்தன என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. கூடைப்பந்தாட்டமும் குளிர்காலத்தில் நிகழ்வது; காய்ச்சலும் குளிர்காலத்திற் பரவுவது. இங்கே குளிர்காலமே ஈரவிறகு. கணனி கண்ட இயைபு பொய்யன்று. அவ்வியைபின் காரணத்தை அது அறியவில்லை; ஆதலால், எந்நிலையில் அது குலையும் என்பதையும் அறிந்திலது. 2015இல் இக்கணிப்பை வெளியிடுவது நிறுத்தப்பட்டது.

காரணம் அறியாத அறிவு பயனற்றது என்பது இதன் பொருளன்று. ஆலையொன்றின் எந்திரத்திலே அதிர்வு மாறுபடும்போது, அதன் பாகம் ஒன்று விரைவிற் பழுதடையக்கூடும் என உணரிகளின் பதிவுகள் உணர்த்துகின்றன. அதிர்வுக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பை முற்ற விளங்கிக்கொள்ளாமலே அப்பாகத்தை மாற்றிவிடலாம். கணிப்புத் தவறாயின் ஓர் உதிரிப்பாகத்தின் விலை நட்டமாகும், அவ்வளவே. மாற்றப்பட்ட இரும்புத்துண்டு தனக்கு அநீதி இழைக்கப்பட்டதென முறையிடப் போவதில்லை.

சுற்றாடலியலில் இப்பயன் இன்னும் பெரிது. 1972 முதல் விண்ணிற் செலுத்தப்பட்டுவரும் லாண்ட்சற் செய்மதிகளின் படங்கள் 2008இல் எவரும் இலவசமாகப் பெறத்தக்கனவாயின. மத்தியூ ஹான்சனும் அவர்தம் குழுவினரும் அவற்றுள் ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்ட படங்களைக் கணனி வழி ஆராய்ந்து, 2000 முதல் 2012 வரை உலகில் 23 இலட்சம் சதுர கிலோமீற்றர் காடு அழிந்தமையையும் 8 இலட்சம் சதுர கிலோமீற்றரிற் புதிதாக மரங்கள் எழுந்தமையையும் 2013இல் வெளிப்படுத்தினர். நிலத்தில் நடந்து அளப்பவர் எத்தனை தலைமுறை முயன்றாலும் பெற முடியாத அறிவு இது. பிறேசில் நாட்டின் விண்வெளி ஆய்வு நிறுவனம் 2004 முதல் செய்மதிப் படங்களைக் கொண்டு காடழிப்பை உடனுக்குடன் அறிவித்து வந்தது. அவ்வறிவிப்பைத் துணையாகக் கொண்டு அதிகாரிகள் நடவடிக்கை எடுத்த காலத்தில், அந்நாட்டு அமேசன் காட்டின் ஆண்டு அழிவு, 2004இல் ஏறத்தாழ 27,800 சதுர கிலோமீற்றராக இருந்து 2012இல் ஏறத்தாழ 4,600 ஆகக் குறைந்தது. ஆனால், 2019இல் அந்நிறுவனத்தின் தரவுகளை அரசுத் தலைவரே பொய்யென்றார். நிறுவனத் தலைவர் பதவி நீக்கப்பட்டார். செய்மதி முன்போலவே படம் எடுத்தது. காடு முன்னிலும் விரைந்து அழிந்தது. தரவு உண்மையைக் காட்டலாம். காட்டியதை ஏற்றுச் செயற்படும் மனவுறுதியைத் தராது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

எந்திரத்தையும் காட்டையும் விட்டு மனிதரை அளக்கப் புகும்போது வேறொரு சிக்கல் தோன்றுகின்றது. அளக்க வேண்டியது ஒன்றாகவும் அளக்கக்கூடியது மற்றொன்றாகவும் அமைந்துவிடுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவமனைகள் பலவற்றில், மேலதிகப் பராமரிப்பு யாருக்குத் தேவை எனத் தெரிவு செய்வதற்கு ஒரு கணனி நிரல் கையாளப்பட்டது. நோயின் கடுமையை நேரே அளக்க இயலாமையால், எதிர்காலத்தில் ஒருவருக்கு ஆகக்கூடிய மருத்துவச் செலவையே அந்நிரல் கணித்தது. நோய் மிகுந்தால் செலவும் மிகும் என்பது பார்வைக்கு நியாயமான எண்ணமே. ஆனால், மருத்துவ வசதியைப் பெறுவதிற் கறுப்பின மக்களுக்குப் பல தடைகள் உண்டு. ஆதலால், ஒரேயளவு நோயுற்ற வெள்ளையருக்குச் செலவானதைவிட அவர்களுக்குக் குறைவாகவே செலவாகி வந்தது. அச்செலவுக் குறைவை நிரல் உடல்நலமாக எடுத்துக்கொண்டது. சியாட் ஒபர்மையரும் பிறரும் 2019இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு இதனைப் புலப்படுத்தியது. பிழை திருத்தப்படின், மேலதிகப் பராமரிப்புக்குத் தெரிவாவோருட் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 வீதத்திலிருந்து 46.5 வீதமாக உயரும் என அவர்கள் கணித்தனர். இங்கே எவரும் வேண்டுமென்று வஞ்சிக்கவில்லை. நிரலுக்கு நோயாளரின் இனம் கூறப்படவும் இல்லை. பழைய அநீதி செலவுக் கணக்காக உருமாறி உள்ளே புகுந்து, புதிய அநீதிக்கு ஆதாரமாயிற்று.

அவுஸ்திரேலிய அரசு 2016 முதற் பெருமளவில் நடைமுறைப்படுத்திய முறையொன்று இதனினும் தெளிவான படிப்பினையைத் தருகின்றது. 'எந்திரக் கடன்' எனப் பொருள்படும் பெயரால் அது பேசப்பட்டது. சமூக நல உதவிப்பணம் பெற்றோர், இரு வாரத்துக்கு ஒருமுறை தமது வருமானத்தைத் தெரிவித்து வந்தனர். வரித் திணைக்களத்திடமோ அவர்களது ஆண்டு வருமானம் இருந்தது. கணனி அவ்வாண்டு வருமானத்தை இருபத்தாறு சம கூறுகளாக வகுத்து, அவர்கள் தெரிவித்த தொகையோடு ஒப்பிட்டது. வேறுபாடு காணப்பட்டவிடத்து, அவர் அரசுக்குக் கடன்பட்டவர் எனக் கடிதம் சென்றது. ஆண்டின் முதற் பாதியில் இரு வாரத்துக்கு 2,000 டொலர் ஊதியம் பெற்று, மறுபாதியில் வேலையிழந்து உதவிப்பணம் பெற்ற ஒருவரைக் கருதலாம். சராசரியின்படி அவர் ஆண்டு முழுவதும் இரு வாரத்துக்கு 1,000 டொலர் உழைத்தவராவார். வேலையின்றி வாடிய மாதங்களிலும் அவர் உழைத்ததாகக் கணக்கு உரைத்தது, நேர்மையாளர் ஏமாற்றுக்காரராக்கப்பட்டார். அவ்வாறன்று எனக் காட்டும் பொறுப்பும் அவர்மீதே சுமத்தப்பட்டது. பல ஆண்டுகளுக்கு முந்திய சம்பளச் சீட்டுகளை வறியவர் எங்கே தேடுவார்? சராசரியைக் கொண்டு விதித்த கடன் செல்லாது என்பது 2019 நவம்பரில் நீதிமன்றத்தில் உறுதியாயிற்று. ஏறத்தாழ 470,000 கடன்கள் தொடர்பில் அறவிட்ட பணத்தைத் திருப்பித் தருவதாக 2020இல் அரசு அறிவித்தது. 2023 ஜூலையில் வெளியான விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை, இம்முறை நியாயமுமற்றது, சட்டத்துக்கும் ஒவ்வாதது எனக் கடிந்துரைத்தது. உதவிப்பணம் பெற்றோருள் உயிரை மாய்த்துக்கொண்டோரின் குடும்பத்தினரும் அவ்வாணைக்குழுவின் முன் சாட்சியமளித்தனர். நெதர்லாந்திலும், குழந்தைப் பராமரிப்பு உதவிப்பணம் பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரராகத் தவறாகக் கொள்ளப்பட்ட விவகாரத்தில், 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலக நேர்ந்தது.

இவ்விடத்து எதிர்வாதம் ஒன்று எழுதல் இயல்பு. மனித அதிகாரிகள் மட்டும் நடுநிலை வழுவாதவரா? கைக்கூலி, சாதி, இனம், முகத்தாட்சணியம் ஆகியவற்றுக்கு ஆட்படாத கணனி, அவர்களிலும் மேலானதன்றோ? இவ்வாதத்தைப் புறக்கணித்தல் இயலாது. அரச அலுவலகத்தின் வாசலிற் காத்து நின்று அவமதிப்புற்றவர் எவரும் அதன் நியாயத்தை உணர்வர். மேலும், மருத்துவமனை நிரலின் பிழையைக் கண்டறிய உதவியதும் தரவே என்பதை மறத்தலாகாது. எனவே, பெருந்தரவைக் கைவிட்டு, அதிகாரியின் மனம்போன போக்கை நாடுதல் தீர்வாகாது.

எனினும், அதிகாரியின் பிழைக்கும் கணனி முறையின் பிழைக்கும் இரு வேறுபாடுகள் உண்டு. அதிகாரி பிழை செய்தால், அடுத்த மேசையில் இருப்பவர் அதே பிழையைச் செய்யாதிருத்தல் கூடும். கணனி முறையின் பிழையோ ஒரே அச்சில் வார்த்தாற்போல இலட்சக்கணக்கானோர் மீது ஒருங்கே விழுகின்றது. இரண்டாவது வேறுபாடு இதனினும் முக்கியமானது. அதிகாரியை நோக்கி 'ஏன்?' என்று வினவலாம். அவர் கூறும் விடை பொய்யாயின், அப்பொய்க்கு அவர் பொறுப்பாளியாவார். கணனி முறையிலோ, தரவு தொகுத்தவர் நிரல் எழுதியவரையும், நிரல் எழுதியவர் அதனைக் கையாண்ட அலுவலரையும், அலுவலர் கணனியையும் சுட்டுவர். தீர்ப்பு மட்டும் எஞ்சும், தீர்ப்பளித்தவர் இரார்.

ஒருவன்மீது சுமையை ஏற்றுவோன், அதற்கான காரணத்தை அவனுக்குக் கூறக் கடமைப்பட்டவன் என்பது நீதியின் அடிப்படை. 'உன்னைப் போன்றோர் பலர் இவ்வாறு செய்தனர்' என்பது அவனைப் பற்றிய காரணமாகாது. அவனோடு ஒரே பட்டியலில் வைக்கப்பட்ட பிறரைப் பற்றிய செய்தியே ஆகும். மழையைக் கணிப்பதற்கும், நோய் பரவும் திசையை முன்னறிவதற்கும், உதவி வேண்டுவோரைத் தேடிச் செல்வதற்கும் இயைபு பற்றிய அறிவு போதுமானதாகலாம். உதவியை மறுக்கவும், கடனை விதிக்கவும், குற்றஞ்சாட்டவும் அது போதாது. தேடிச் செல்லும் உரிமையை அளிப்பது வேறு. தண்டிக்கும் உரிமையை அளிப்பது வேறு.

இவ்வேறுபாட்டைச் சட்டங்களும் உணரத் தொடங்கியுள்ளன. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, முற்றிலும் கணனி வழி எடுக்கப்படும் பாரதூரமான முடிபுகளிலிருந்து ஒருவருக்குக் காப்பளிக்க முற்பட்டது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், அத்தகைய முடிபுகளை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையை எழுத்தில் வகுத்தது. ஆயின், காரணத்தை அறியாதவன் எதனை எடுத்துக்காட்டி மீளாய்வு கோருவான்? எனவே, சுமை ஏற்றப்படுமுன் அவனது சொல் கேட்கப்படுதல், காரணம் அவனுக்கு விளங்கும் மொழியில் உரைக்கப்படுதல், பெயர் குறிக்கப்பட்ட ஒருவர் அதற்குப் பொறுப்பேற்றல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. இவற்றால் வேலை தாமதமாகலாம், செலவும் கூடலாம். நீதிக்காகச் சமூகங்கள் என்றும் செலுத்தி வந்த விலைதான் அது.

ஒருவனுக்கு விதிக்கப்பட்ட கடனின் காரணத்தை அவன் வினவும்போது, கடிதத்திலுள்ள தொகையை மீண்டும் வாசித்துக் காட்டுதல் விடையாகாது. விடை கூறவல்ல மனிதர் ஒருவர் அவன்முன் இருந்தாக வேண்டும்.