பொதுச்சாலை யாருக்குப் பொது?

வடக்கே சயாம் எல்லையிலுள்ள புக்கிட் காயு ஈத்தாமுக்கும், தெற்கே சிங்கப்பூருக்கு எதிரிலுள்ள ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓடுகிறது நம் நாட்டின் முதலாம் கூட்டரசுச் சாலை. கெடாவின் நெல்வயல்களையும், கிந்தாப் பள்ளத்தாக்கின் பழைய ஈய நிலங்களையும், தோட்டங்கள் பலவற்றையும் ஊடுருவிச் செல்லும் இதனைப் பொதுச்சாலை என்கிறோம். பொது என்பதன் பொருள் யாது? சற்றுச் சிந்திப்போமாக.

அமைத்தவனுக்கு உரியது எனலாமா? ஆங்கிலேயர் ஆட்சியில் மலாயாச் சாலைகளுக்குக் கல்லுடைத்துப் பரப்பிய கூலிகளில் நம்மவர் மிகப் பலர். சாலையில் ஒரு முழமும் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. பணம் கொடுப்பவனுக்கு எனலாமா? 1994-ஆம் ஆண்டில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. கட்டணம் செலுத்துவோர் அதில் விரைகின்றனர். பணமே உரிமையாயின் அதனைப் பொது என்பானேன்? பயணம் செய்பவனுக்கு எனில், 1941 டிசம்பரில் ஜப்பானியப் படையும் சைக்கிள்களோடும் டாங்கிகளோடும் இப்பழைய சாலை வழியேதான் தெற்கு நோக்கி வந்தது! தன்மீது வருவோனை நீ யார் என்று சாலை கேட்பதில்லை. கேட்பவன் மனிதனே.

1924-ஆம் ஆண்டில் ஜொகூர்க் கடற்பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் திருவிதாங்கூரைச் சேர்ந்த வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தாழ்த்தப்பட்டோரும் நடக்க வேண்டுமெனப் போராடியவர்கள் சிறைபுகுந்தனர், ஈ.வெ.ரா.வும் அவர்களுள் ஒருவர். இங்கே கடல்மீது புதுவழி பிறந்தது. அங்கே காலங்காலமாய் இருந்த வழி மனிதனுக்கு அடைபட்டுக் கிடந்தது. ஆகவே, கல்லும் மண்ணும் மட்டும் ஒரு வழியைப் பொதுவாக்கிவிடா.

வைக்கம் தொலைவிலுள்ளது. நம் வாசலையே பார்ப்போம். நாம் கிராணியாக இருக்கும் தோட்டத்தின் லயத்திலிருந்து அப்பெருஞ்சாலையை அடைய மூன்று கல் செம்மண் பாதையில் நடக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் பாதை பல இடங்களில் அறுத்துக்கொண்டு போயிற்று. செம்பனைக் குலைகள் உடனே ஆலை சேராவிடில் எண்ணெயின் தரம் கெடும் என்று நிர்வாகத்துக்கு அன்றே கடிதம் எழுதினோம். இரண்டு நாளில் லாரி செல்லும் பகுதி சீராயிற்று. லயத்தை ஒட்டிய பகுதி அப்படியே கிடந்தது. பிள்ளைகள் பல நாள் பள்ளி செல்லவில்லை. அதற்காக நாம் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதாதே என்று நம்மை எவரும் தடுக்கவுமில்லை. நமக்குத் தோன்றவில்லை, அதுவே நம் குற்றம்.

பெருஞ்சாலையின் இரைச்சல் காதில் விழும் தூரத்தில் இருந்தும் அதனை அடைய இயலாத பிள்ளைக்கு அது எவ்வாறு பொதுவாகும்? வலியவனுக்கு வழி தானே கிடைக்கும். எளியவனின் வாசல்வரை அதனைக் கொண்டு சேர்ப்பது அறிந்தவர் கடமை. குலை கெடும் என்று எழுதத் தெரிந்த கைக்கு, படிப்பு கெடும் என்று எழுதவும் தெரியவேண்டும். அடுத்த மழைக்கு முன்னரே அக்கடிதத்தை எழுதிவிடுவோம்.