யாருடைய பெயருக்கு

சென்ற தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றிலே, திருகோணமலைப் பத்திரகாளி அம்பாள் கோயில் வாசலில், நான்கு சில்லுகளின் கீழும் நான்கு தேசிக்காய்களை வைத்து, பொனெற்றிலே சந்தனமும் குங்குமமும் சார்த்தி, மாலை சூட்டி நிறுத்தியிருந்த ஒரு ஸ்டேஷன் வேகனுக்கு முன்னே, அர்ச்சனைத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்ட ஐயர், "ஆரின்ரை பேருக்குச் செய்யிறது?" என்று என்னைக் கேட்டார். நாள்தோறும் பலரிடம் அவர் கேட்கும் கேள்விதான். யோசித்து விடை சொல்லவேண்டிய கேள்வியன்று. ஆயினும் எனக்கு நா எழவில்லை. முந்திய நாள்தான் நிதிக் கம்பனியின் மேசை முன்னிருந்து, தாளுக்குத் தாள் கையொப்பமிட்டு, அந்த வாகனத்தின் முற்றுரிமை கம்பனிக்கும், பதிவுடைய உரிமையாளன் என்னும் பெயர் மாத்திரம் எனக்கும் ஆகும்படி ஒப்புக்கொண்டு வந்திருந்தேன். பின்னே சக்கர நாற்காலியில் இருந்த அம்மா, "சுவாமி பேருக்குச் செய்யுங்கோ, ஐயா" என்றார். சைவ வீடுகளிலே வழக்கமாய்ச் சொல்லும் சொல்தான் அது. அன்று எனக்கு அது வேறொரு பொருளோடு கேட்டது.

குத்தகை நம்மவருக்குப் புதிதன்று. வயலைக் குத்தகைக்கு எடுத்தவன் விளைவிலே பங்கு அளந்தான். கோயிற் காணியைக் குத்தகைக்கு எடுத்தவன் சுவாமியின் சொத்தென்று அஞ்சி நடந்தான். 'லீசிங்' என்று இன்று ஊரெல்லாம் வழங்கும் வாகனக் குத்தகை, 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடப்பது: வாகனத்தை விலைகொடுத்து வாங்குபவர் கம்பனியார், ஓட்டுபவன் நான், காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் பழுதுபார்ப்பும் என் தலையில், அறுபதாவது தவணை தீரும்வரை பொருள் அவர்களுடையது. தவணை தவறினால் என்ன நிகழும் என்பதை எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு முறை கண்டேன். விடியற்புறத்தில் ஒரு வீட்டுக்கு இருவர் வந்தார்கள், சத்தமுமில்லை, சண்டையுமில்லை, சாவியை வாங்கினார்கள், அவ்வீட்டுப் பிள்ளை முந்திய நாள் பின் இருக்கையில் மறந்துவிட்டிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் படலையின்மேல் வைத்துவிட்டு வாகனத்தைக் கொண்டுபோனார்கள். 'சீஸ் பண்ணிப்போட்டாங்கள்' என்று அயலார் மெல்லப் பேசிக்கொண்டார்கள். அந்தத் தகப்பன் இழந்தது வாகனத்தை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது முன்னமே அவருடையதாக இருந்ததில்லை. 'இது எங்கடை' என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்த சொல்லை அன்றைக்கு அவர் இழந்தார்.

இவ்விடத்திலே சைவசித்தாந்தம் எனக்குத் துணையாகிறது. தனு, கரணம், புவனம், போகம் என்று, அதாவது உடம்பும் கருவிகளும் உலகமும் நுகர்பொருளும் என்று, நம் ஆசாரியர்கள் நான்காக வகுத்த யாவும், ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கும் உயிர் தன் இருவினையை நுகர்ந்து பக்குவமடையும் பொருட்டு, மாயையினின்றும் இறைவன் தோற்றுவித்துக் கொடுத்தவை. அவ்வாசாரியர்களுள் ஒருவரான மெய்கண்டாரின் நெறியிலே மாயை வெறும் பொய்த்தோற்றமன்று. சூரியன் உதிக்குமளவும் இருளிலே வழிகாட்டும் விளக்கைப்போல்வது. ஆகவே, இரவலாய் வந்தவை என்னும் காரணத்தால் உலகப் பொருள்களை இகழ்ந்து தள்ளுவதும், கையிலிருக்கிறது என்னும் காரணத்தால் எனதென்று அபிமானிப்பதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. உடம்பையே தவணைக்குப் பெற்றிருக்கும் நாம், ஒரு வாகனத்தைத் தவணைக்குப் பெறுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

என் அப்பப்பா வெட்கப்பட்டிருப்பார். துறைமுகத்திலே வேலைபார்த்த அவர், 1957 அக்டோபரில் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்த காலத்தில், ஊர் திரும்பிய ஓர் உத்தியோகத்தரிடம் முழுக் கிரயத்தையும் எண்ணிக் கொடுத்து ஒரு மொறிஸ் மைனர் டிரவலரை வாங்கினார். எஸ்டேட் கார் என்று ஆங்கிலேயர் சொல்லும் இனம் அது. எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டத்தையே நினைக்கும் நம் நாட்டிலே அந்தப் பெயர் ஒட்டவில்லை. அதன் பின்பாதியைத் தாங்கியது மரச்சட்டம். ஒவ்வோர் ஆண்டும் மாரிக்கு முன்னே அவர் அதற்கு வார்னிஷ் பூசுவார்; பூசுமுன் கண்ணாடிக்குக் கீழுள்ள சட்டத்திலே பெருவிரல் நகத்தை ஊன்றிப் பார்ப்பார்; நகம் இறங்கினால் அவ்விடம் உக்கிவிட்டது என்று அறிந்து, சுரண்டி, அடைத்து, மறுபடியும் பூசுவார். "காசு குடுத்து வாங்கின சாமான், ஒருத்தனும் கேக்க ஏலாது" என்பது அவருடைய பெருமை. ஒருத்தனும் கேட்கவில்லைதான். கொட்டியாரக் குடாவிலிருந்து வீசும் உப்புக்காற்றோ ஆண்டுதோறும் தன் பங்கை வாங்கிக்கொண்டே போனது.

வாகனத்தைத் தெரிவு செய்த கதைக்கு வருகிறேன். அம்மாவின் சக்கர நாற்காலியை மடித்து வைக்க இடம் வேண்டும்; அவர் காலைத் தூக்கி வைக்க இயலாத உயரம் இருக்கக்கூடாது; பிள்ளைகள் இருவரும் அவர்களுடைய புத்தகப் பைகளும், கந்தளாயிலிருந்து வரும் அரிசி மூட்டையும், ஆடி அமாவாசைக்குக் கன்னியாவுக்குக் கொண்டுபோகும் செம்புக் குடங்களும் ஏறவேண்டும். உயர்ந்த ஜீப்பு வகையும் வானும் இதனாலே விலகின. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனத்துக்கும் பொன்னின் விலை வந்துவிட்டது. ஈற்றிலே யப்பானில் ஓடி வந்த ஒரு ரொயோட்டா ஃபீல்டரிலே மனம் நின்றது.

வேகமும் வேண்டுமென்று நான் விரும்பினேன். அதை மறைக்கமாட்டேன். அப்பாவை நெஞ்சுவலியோடு ஓரிரவு அனுராதபுரத்துக்குக் கொண்டுபோனபோது, முன்னே ஊர்ந்த லொறியை முந்த வலுவில்லாத ஒரு வாடகை வானிலே, அவருடைய கையைப் பற்றிக்கொண்டு இருந்த அந்த நேரத்தை நான் மறக்கவில்லை. ஆனால், நிலாவெளி வீதியிலே ஓட்டிப் பார்த்தபோது, வலது பாதத்தைச் சற்று அழுத்தியவுடனே முதுகு இருக்கையோடு ஒட்ட எனக்குள் எழுந்த களிப்பு, அப்பாவின் பொருட்டு எழுந்ததன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்று சித்தாந்தம் கூறுவதன் உண்மையை நான் நூலிலே படித்ததிலும் அந்த ஸ்டியரிங்கிலே தெளிவாகக் கண்டேன்: யந்திரத்தின் வலு அந்தக் கணமே என் வலுவாயிற்று; முன்னே சென்ற முச்சக்கரவண்டி என் பகையாயிற்று. ஊருக்கு வெளியே காருக்கு 70 கிலோமீற்றரும் ஊருக்குள்ளே 50 உம் என்று சட்டம் வரையறுத்திருக்க, ஹபறணைப் பக்கம் இரவிலே யானை வீதியைக் கடக்கையில் அதுவும் அதிகமாக இருக்க, எஞ்சிய வேகமெல்லாம் யாருக்காக? லொறியை முந்தும் வலு வேண்டும். அதற்கு மேற்பட்டது ஆணவத்துக்கு இடும் நைவேத்தியம். லொறியை முந்தும் அளவுக்கு மாத்திரம் வலுவுள்ள ஒன்றை எடுத்ததற்கு நிலாவெளி வீதியிலே ஓட்டிப் பார்த்த அந்த ஓட்டமே காரணம்.

யாருடையது என்னும் கேள்விக்குத் திரும்பினால், நம் திருகோணமலைத் துறைமுகமோ உரிமை கொண்டாடியவர்களையே கண்டு பழகியது. 1622 இல் போர்த்துக்கீசர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக்கொண்டே கோட்டை கட்டினர். 1639 இல் ஒல்லாந்தர், 1795 இல் ஆங்கிலேயர், இடையிலே சிறிது காலம் பிரெஞ்சுக்காரரும். ஒவ்வொருவரும் தமதென்றே பத்திரம் எழுதினார்கள். மண்ணுக்குள்ளே மறைந்திருந்த சுவாமியின் திருவுருவங்கள் 1950 இல் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன. சீனக்குடாவிலே ஆங்கிலேயர் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகளில் 61 ஐ, 2022 சனவரியில், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 51 வீதமும் இந்திய நிறுவனத்தின் கிளை 49 வீதமும் கொண்ட ஒரு கம்பனிக்கு 50 ஆண்டுக் குத்தகையாகக் கொடுத்தார்கள். தேசங்களும் தவணைக் கணக்கிலேதான் வாழ்கின்றன.

கிண்ணியாவிலுள்ள என் நண்பர், வட்டி விலக்கப்பட்டது என்னும் மார்க்க விதியினால், இஜாரா என்னும் இஸ்லாமிய வாடகை முறையிலேதான் தம் வாகனத்தை எடுத்தார். அதிலே வங்கி மெய்யாகவே உரிமையாளனாக இருக்கவேண்டும். வாடகைக்கு எடுத்தவனுடைய பிழையின்றிப் பொருள் அழிந்தால் நட்டம் உரிமையாளனையே சாரும், வாடகையும் நின்றுவிடும் என்பது அதன் தத்துவம். "உங்கடை கம்பனிக்காரர் உரிமையை எடுக்கிறாங்கள், பொறுப்பை உங்கடை தலையிலை வைக்கிறாங்கள், இது என்ன உரிமை, மச்சான்?" என்று அவர் கேட்டார். நான் தடுமாறினேன். இன்றும் அதற்கு என்னிடம் நிறைவான விடையில்லை. அவர் சொல்வது நியாயம். உரிமையும் பொறுப்பும் பிரிந்த இடத்திலே அறம் நொண்டும். நம் கோயில் தர்மகர்த்தாவின் நிலையோ இதற்கு நேர் எதிரான திசையிலே நிற்கிறது: சொத்து அவருடையதன்று, பொறுப்பு முழுவதும் அவருடையது, அதை அவர் பாரமென்று எண்ணுவதில்லை. அம்மா "சுவாமி பேருக்கு" என்று சொன்னபோது என்னை அந்தப் பதவியிலேதான் அமர்த்தினார் என்று கொள்கிறேன். ஆகையால், மாதத் தவணையை எழுதிப் பார்த்தபோது, கம்பனியார் எவ்வளவு தருவார்கள் என்பதை விட்டு, ஒரு சம்பளம் நின்றாலும் நான் எவ்வளவு கட்டுவேன் என்பதையே அளவுகோலாக வைத்தேன். அறுபது மாதங்களுக்கு நான் கொடுத்த வாக்கு ஒன்றுதான் இந்த விவகாரத்திலே எவரும் என்னிடமிருந்து பறிக்கமுடியாதது.

மூன்று தவணைகள் கட்டியாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை உப்புவெளியிலிருந்து திரும்பி வந்து முற்றத்திலே நிறுத்தியபோது, சின்னவன், "அப்பா, இது எங்கடை காரோ, அவையின்ரையோ?" என்று கேட்டான். வாளியையும் துணியையும் எடுத்து அவன் கையிலே கொடுத்து, "உப்புக்காத்து பிடிச்சிருக்கடா, சில்லுக்கு உள்பக்கத்தை முதல் கழுவு" என்றேன். அவன் குனிந்து, மட்கார்டின் உள்விளிம்பிலே விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.